மாமாவின் கேசட்டுகளும் 180 வெள்ளிக் கணினியும்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துபோனது. விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், ஓரளவு புதிய செயலியும் வேண்டும். இல்லாத கணினிகளை அலுவலகங்கள் கூட்டம் கூட்டமாகக் கழித்துக்கட்டின. அவை போன இடம் பழைய கணினிக் கடைகள். இண்டல் ஐ5 செயலி, எட்டு ஜிபி நினைவகம், தூசு தட்டினால் இன்னும் பத்து வருடம் ஓடும் உடம்பு. எங்கள் வீட்டுக்கு வந்த ஒன்றின் விலை 180 வெள்ளி. அதை சர்வராக்கினோம். எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எப்படி என்பது பிறகு.

என் தாய்மாமன் பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். பெஸ்தாரி ஜெயா என்றால் புருவம் உயர்த்துகிறவர்கள் பத்தாங் பெர்ஜுந்தை என்று படித்துக்கொள்ளவும். மாமா இன்றுவரை அந்தப் பழைய பெயரைத்தான் சொல்கிறார். இந்த வட்டாரத்துக்கு ஒரு சரித்திரப் பெருமை உண்டு. மலாயாவில் செம்பனையை முதன்முதலாக வணிகப் பயிராக நட்ட இடம் இங்கேதான் இருக்கிறது. 1917-இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் அதைத் தொடங்கினார். பின்னாளில் அவர் மலாயாவைப் பற்றி எழுதிய நாவலுக்கு 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. தோட்டத்தின் பெயர் தெனாமாரம். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், யாருடைய மொழி காதில் விழுகிறது?

அந்தப் பரிசு நாவல் நூலகங்களில் பத்திரமாக இருக்கிறது. தோட்டத்து மக்களின் குரல் எங்கே இருக்கிறது? எங்கள் குடும்பத்தைப் பொறுத்தவரை, மாமா வீட்டு அலமாரியில், மூன்று பிஸ்கட் டின்களிலும் ஓர் அட்டைப்பெட்டியிலும் இருந்தது. மொத்தம் 140 கேசட்டுகள். கிராணி அல்லவா, ஒவ்வொன்றிலும் நீல மையில் தேதியோடு விவரம் எழுதியிருக்கிறார். தீமிதித் திருவிழா. காமன் கூத்து. ஒரு கல்யாணத்தில் நலுங்குப் பாட்டு. தமிழ்நாட்டு உறவுகளுக்குக் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கேசட்டுகளின் நகல்கள். என் அம்மாயி தன் தங்கை இறந்த அன்று பாடிய ஒப்பாரியும் அதில் ஒன்று. அதை ஏன் பதிவு செய்தீர்கள் என்று கேட்டதற்கு மாமா, “பெட்டி அங்கதாம்மா இருந்துச்சு” என்றார். வேறு விளக்கம் கிடைக்கவில்லை.

தோட்டம் கைமாறிவிட்டது. குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். மாமாவுக்குக் கிடைக்கப்போவது ஒரு மாடி வீடு, அங்கே அந்த அலமாரி நுழையாது. எடுத்துப் பார்த்தபோது மூன்று கேசட்டுகளில் நாடாமேல் வெள்ளையாகப் பூஞ்சை. நம் ஊர்ப் புழுக்கம் காந்த நாடாவுக்கு எமன். கேசட்டை ஃபிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்தியது 1963-இல். அதை ஓட்டும் நல்ல கருவிகள் கிடைப்பதே இப்போது அரிதாகிவிட்டது. நாடா பிழைத்தாலும் அதைப் பாட வைக்கும் பெட்டி பிழைக்குமா என்பதுதான் கேள்வி.

வானொலியில் வேலை பார்க்கிறவள் என்பதால் ஒலியை இலக்கமாக்கும் வித்தை எனக்குப் புதிதல்ல. கணக்கு இப்படி: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ. இப்படிப் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு ஜிபி. 140 கேசட்டும் 90 நிமிடம் என்றால் 210 மணி நேரம், 218 ஜிபி. கைப்பேசியில் கொள்ளாது. மேகச் சேமிப்பில் வைக்கலாம், மாதாமாதம் வாடகை கட்டலாம். வாடகை நின்றால்? குடியிருந்த வீட்டையே காலி செய்யச் சொல்லி வாங்கிய குடும்பத்திடம் போய், குரலையும் வாடகை வீட்டில் வை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆகவே சொந்தமாக ஒரு சர்வர்.

சர்வர் என்ற சொல் கேட்டுப் பயப்பட வேண்டாம். மற்றவர்கள் கேட்கும்போது எடுத்துக் கொடுப்பதற்காக எந்நேரமும் விழித்திருக்கும் கணினி, அவ்வளவுதான். திரைகூட வேண்டாம். சும்மா இருக்கும்போது எங்கள் பெட்டி 25 வாட் அளவுக்குத்தான் தின்கிறது. மாதம் 18 யூனிட். கட்டணத்தில் சில வெள்ளி.

இனி சிக்கலுக்கு வருவோம். வாங்கி வந்த கணினியில் சிடி போடும் இடம் இல்லை. பென்டிரைவைச் சொருகினால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முன்பு வைத்திருந்த அலுவலகம் பயாஸ் அமைப்புக்குக் கடவுச்சொல் போட்டு, பென்டிரைவிலிருந்து இயங்குவதை அடைத்து வைத்திருந்தது. ஊழியர்கள் கண்டதையும் சொருகக் கூடாது என்பதற்காக நிறுவனங்கள் இப்படிச் செய்வது உண்டு. கடைக்காரருக்கும் கடவுச்சொல் தெரியாது. திருப்பிக் கொண்டுபோனால் பிரித்துப் பூட்டை நீக்கித் தருவதாகச் சொன்னார். ஆனால் திரையில் ஒரு வரி வந்து வந்து போனதை என் அண்ணன் மகன் கவனித்தான். பாலிடெக்னிக்கில் படிக்கிறான், இந்த மாதிரி வரிகளைப் படிக்கிற வயது. “அத்தை, இது முதல்ல நெட்வொர்க்கதான் தேடுது. நெட்வொர்க்லயே ஏத்திடலாம்” என்றான்.

தேடுகிறது என்றால் என்ன? இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம், ஏனென்றால் இந்த விஷயத்தின் அழகே இதில்தான் இருக்கிறது.

வட்டில் எதுவும் இல்லாத கணினி ஒரு சிசு மாதிரி. தன் பெயர் தெரியாது, முகவரி தெரியாது, யாரிடம் கேட்பது என்றும் தெரியாது. ஆனால் அதன் வலையட்டைக்குள் ஒரு சின்ன நிரல் எரித்து வைக்கப்பட்டிருக்கிறது. பிஎக்ஸ்இ என்று பெயர். கணினிக்காரர்கள் செல்லமாக “பிக்சி” என்பார்கள். இண்டல் நிறுவனம் 1990-களின் கடைசியில் வகுத்த முறை. மின்சாரம் வந்ததும் அது கம்பியில் பொதுவாகக் கத்தும்: நான் புதுசு, எனக்கு ஒரு முகவரி கொடுங்கள், நான் எதைப் படிக்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

தோட்டத்தில் பெரட்டுக்குப் போனவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் கேளுங்கள், உடனே புரிந்துகொள்வார்கள். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் புது ஆள் ஒருவன் வந்து நிற்கிறான். கிராணி அவன் பெயரை எழுதி ஓர் எண் கொடுக்கிறார். மண்டோர், உனக்கு இந்த நிரை என்று காட்டுகிறார். இரண்டும் கிடைத்தால்தான் அவன் வேலையைத் தொடங்க முடியும். நம் வீட்டு ரவுட்டர் கிராணி வேலையை மட்டும்தான் செய்கிறது. கைப்பேசியோ தொலைக்காட்சியோ வந்து கேட்டால் எண் கொடுக்கும். டிஎச்சிபி என்ற இந்த ஏற்பாட்டுக்கு 1993-இலேயே விதி எழுதிவிட்டார்கள். ஆனால் நீ போய் இந்தக் கோப்பை எடுத்து இயங்கு என்று சொல்ல வீட்டு ரவுட்டருக்குத் தெரியாது. மண்டோர் இல்லாத தோட்டம்.

அந்த மண்டோர் வேலையை என் மடிக்கணினி செய்தது. டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறிய இலவச நிரல், பத்து வரிக்குள் அமைப்பு முடிந்துவிடும். இதில் கவனிக்க வேண்டிய ஒரே சொல் “ப்ராக்சி”. ரவுட்டர் இருக்கும்போதே மடிக்கணினியையும் முழு கிராணியாக்கினால், ஒரே களத்தில் இரண்டு கிராணிகள் ஆளுக்கு ஒரு பேரேட்டோடு எண் கொடுக்கத் தொடங்குவார்கள். வீட்டில் ஒருவர் கைப்பேசியில் நாடகம் நிற்கும், இன்னொருவரின் அலுவலகக் கூட்டம் அறுபடும், பழி நம் தலையில். ப்ராக்சி முறையில் வைத்தால் எண் கொடுப்பதை ரவுட்டரிடமே விட்டுவிட்டு, எந்தக் கோப்பு என்பதை மட்டும் நம் மடிக்கணினி சொல்லும். மடிக்கணினியின் தீச்சுவரில் 67, 69, 4011 ஆகிய வாசல்களைத் திறந்து வைக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் சர்வர் மௌனம் சாதித்தால் முதலில் அங்கே பாருங்கள்.

கோப்பை எடுத்து வருவது டிஎஃப்டிபி என்ற இன்னொரு முறை. 1980-களின் தொடக்கத்தில் பிறந்தது, என்னைவிட மூத்தது. மிக எளிய நடைமுறை. 512 பைட் துண்டு ஒன்றை அனுப்பும், கிடைத்தது என்று பதில் வந்த பிறகுதான் அடுத்த துண்டு. டெபியன் நிறுவியின் தொடக்கக் கோப்புகள் சேர்ந்து 50 எம்பி என்று வைத்தால், அந்தப் பழைய விதிப்படி கிட்டத்தட்ட ஒரு லட்சம் முறை அனுப்பவும் பதில் சொல்லவும் வேண்டும். இப்போது இன்னும் பெரிய துண்டாகக் கேட்கும் வசதி இருப்பதால் அவ்வளவு நேரம் ஆவதில்லை. இதில் கடவுச்சொல்லும் கிடையாது, மறைகுறியும் கிடையாது. கேட்டவருக்கெல்லாம் கொடுக்கும். அதனால் நம் வீட்டுக்குள்ளே, நமக்குத் தெரிந்த கம்பியில் மட்டும் செய்ய வேண்டிய காரியம் இது. கடையிலோ விடுதியிலோ உள்ள பொது வலையில் வேண்டாம். வைஃபையும் உதவாது. சர்வரிலிருந்து ரவுட்டருக்கு உண்மையான கம்பி ஓட வேண்டும்.

இயங்குதளமாக டெபியனைத் தேர்ந்தோம். 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் என்ற மாணவர் தொடங்கியது. தன் பெயரையும் காதலி டெப்ராவின் பெயரையும் ஒட்டி வைத்த பெயர் டெபியன். எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லை, தன்னார்வலர்கள் வளர்ப்பது. அதன் 13-ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டில் வந்தது. ஒரு பதிப்புக்குச் சுமார் ஐந்து ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என்பது சர்வருக்கு முக்கியம். 32 பிட் காலத்துக் கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி: இந்தப் பதிப்பிலிருந்து அவற்றுக்கு நிறுவி கிடையாது.

மாமா அன்று எங்கள் புக்கிட் ரோத்தான் வீட்டுக்கு வந்திருந்தார். கேசட் டின்களை யாரிடமும் கொடுத்தனுப்ப மனமில்லாமல் தானே மடியில் வைத்துக்கொண்டு வந்தவர். பொத்தானை அழுத்தினோம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. ரவுட்டர் எண் கொடுத்தது, மடிக்கணினி வழி காட்டியது, புள்ளிகள் வரிசையாக ஊர்ந்தன. பிறகு டெபியனின் பட்டியல் வந்து நின்றது.

“ஒன்னுமே சொருகலையே, எங்கேர்ந்துடா வருது?” என்றார் மாமா.

“வயர்ல வருது தாத்தா.”

“வயர்ல கரண்டுதான வரும்?”

அண்ணன் மகன் பெரட்டுக் கதையைச் சொன்னான். மாமா பாதியிலேயே கை காட்டி நிறுத்தினார். “அப்ப இந்தச் சின்னப் பெட்டி மண்டோரு. சரி, சரி, வேலைய பாரு.” கிராணியாக இருந்தவருக்கு மண்டோரைப் பற்றி விளக்கத் தேவையில்லை.

வரைகலை நிறுவியைத் தேர்ந்தால் மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது. உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் உட்கார்ந்து மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள். தமிழைத் தொட்டதும் திரை முழுவதும் தமிழானது. மாமா மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு நாற்காலியை முன்னே இழுத்தார். அதுவரை அவருக்கு இது பிள்ளைகள் விளையாட்டு. அடுத்த கேள்வி, எந்த நாடு? தமிழைத் தேர்ந்தவர்களுக்கு முதலில் நீட்டும் குறும்பட்டியலில் மலேசியா இல்லை. மற்றவை என்பதற்குள் போய், ஆசியாவுக்குள் போய், அங்கே தேடித்தான் எடுக்க வேண்டும். தமிழுக்கு லினக்ஸ் உலகம் பதிந்து வைத்திருக்கும் நாடுகள் இந்தியாவும் இலங்கையும்தான். முரசு அஞ்சலை 1985-இலேயே தந்த முத்து நெடுமாறனின் நாடு, 2001-இல் தமிழ் இணைய மாநாட்டைக் கோலாலம்பூரில் நடத்திய நாடு, இந்தப் பட்டியலில் ஏறவில்லை. இளைஞர்கள் யாராவது கையில் எடுக்கலாம். நூறு வரிகளில் எழுதிக் கொடுக்கிற வேலைதான், யாரும் கேட்டுக் கொடுத்தால் நடக்கும்.

வட்டைப் பிரிக்கும் கட்டத்தில் மட்டும் எல்லோரும் பேச்சை நிறுத்தினோம். நிறுவி அங்கேதான் பழையதை அழிக்கிறது. எந்த வட்டு, என்ன கொள்ளளவு என்று திரையில் உள்ளதையும் வட்டின் மேல் ஒட்டியிருப்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தான் அண்ணன் மகன். இரண்டு டெராபைட் வட்டு இரண்டு புதிதாக வாங்கியிருந்தோம். கணினியைவிட அவற்றுக்குத்தான் அதிகச் செலவு. இரண்டிலும் ஒன்றே எழுதப்படும்படி இணைத்தோம். ஒன்று செத்தாலும் மற்றது பேசும். பிறகு நிறுவி மீதிப் பொதிகளை இணையத்திலிருந்து இறக்கியது. பொதிப் பட்டியலின் கையொப்பத்தையும் அதிலுள்ள ஒவ்வொரு பொதியின் சரிபார்ப்பு எண்ணையும் சரிபார்த்துத்தான் ஏற்றுகிறது. மாமா இரண்டாவது தேநீர் குடித்து முடிக்குமுன் எல்லாம் முடிந்தது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. எங்கள் கணினி எப்போதும் முதலில் வலையைத்தான் தேடும் என்றேன் அல்லவா? நிறுவி முடிந்து மறுபடி எழும்போதும் அதே கூச்சலைத்தான் போடும். மடிக்கணினி இன்னும் மண்டோராக நின்றிருந்தால் மறுபடியும் நிறுவும் பட்டியலுக்கே கூட்டிப் போய்விடும். கேள்வி கேட்காமல் தானாக நிறுவும்படி விடைகளை முன்கூட்டியே எழுதி வைத்திருப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் பெரிது. வட்டு மறுபடி அழிந்து மறுபடி எழுதப்படும். ஆகவே மறுதொடக்கத்துக்கு முன் மடிக்கணினியில் அந்தச் சேவையை நிறுத்திவிட்டோம். இப்போது சர்வர் ஒவ்வொரு முறை எழும்போதும் சில விநாடி வலையில் யாரையோ கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, யாரும் இல்லை என்றதும் தன் வட்டுக்குத் திரும்புகிறது. பழக்கம் விடவில்லை.

திரையே இல்லாமல் செய்ய விரும்புகிறவர்களுக்கு வேறு வழியும் இருக்கிறது. டெபியன் நிறுவியை எஸ்எஸ்எச் வழியாக இன்னொரு கணினியிலிருந்தே நடத்தலாம். பெரிய இடங்களில் இப்படித்தான். கோலசிலாங்கூரிலிருந்து லத்தார் நெடுஞ்சாலையில் போய்க் குத்ரி நெடுஞ்சாலைக்குத் திரும்பினால் எல்மினா வரும். தோட்டமாக இருந்த இடம், இன்று நகரியம். அங்குள்ள எல்மினா வணிகப் பூங்காவில் கூகுளின் தரவு மையம் எழுகிறது. 2024 மே மாதம் இந்நாட்டில் 200 கோடி அமெரிக்க டாலர் முதலீடு என்று அறிவித்தார்களே, அதன் ஒரு பகுதி. இத்தகைய மையங்களில் ஆயிரக்கணக்கான சர்வர்கள் அடுக்கில் நிற்கும். யாரும் பென்டிரைவோடு வரிசையாகப் போய்ச் சொருகிக்கொண்டிருப்பதில்லை. மின்சாரம் வந்ததும் வலையில் கேட்டு இயங்குதளத்தை இறக்கிக்கொள்வதுதான் அங்கே நடைமுறை. நம் வீட்டுக் கூடத்தில் நடந்ததும் அடிப்படையில் அதே வித்தைதான். வேலை தேடும் இளைஞர்களுக்குச் சொல்கிறேன், 180 வெள்ளிக் கணினியில் இதை ஒரு முறை கைப்படச் செய்து பார்த்தவர் நேர்முகத் தேர்வில் பேசும் விதமே வேறு. சான்றிதழ் வகுப்புக்குக் கட்டணம் கட்டுமுன் இதைச் செய்து பாருங்கள். தமிழ்நாட்டில் சென்னை லினக்ஸ் பயனர் குழு 1998-இலிருந்து இயங்குகிறது. விழுப்புரத்தில் ஒரு குழு கிராமத்துப் பிள்ளைகளுக்கே கட்டற்ற மென்பொருளைச் சொல்லிக் கொடுக்கிறது. நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் இப்படி ஒரு சனிக்கிழமைக் கூடுகை யாராவது நடத்தினால் பழைய கணினிகளுக்குப் பஞ்சமில்லை.

சர்வர் வந்த பிறகு செய்ய வேண்டியவை. முதலாவது இடி. சிலாங்கூரில் மாலை நேரத்து இடியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இழைக் கம்பி கண்ணாடி, அதன் வழியே மின்னல் வராது. ஆனால் ரவுட்டரின் மின்சாரச் சொருகி வழியே வரும். ஒரு யூபிஎஸ் வாங்கி சர்வரையும் ரவுட்டரையும் அதில் மாட்டினோம். இரண்டாவது, வெளியிலிருந்து சர்வருக்குள் வர எந்த வாசலையும் ரவுட்டரில் திறக்கவில்லை. வீட்டுக்குள் இருப்பவர்கள் கேட்டால் போதும். மூன்றாவது, இரட்டை வட்டைக் காப்புநகல் என்று நம்பாதீர்கள். தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் இரண்டு வட்டிலும் ஒரே நேரத்தில் அழியும். வீடு எரிந்தால் இரண்டும் சேர்ந்தே எரியும்.

எரிவதைப் பற்றிப் பேசும்போது யாழ்ப்பாணம் நினைவுக்கு வராமல் இருக்காது. 1981 மே மாதக் கடைசி இரவில் யாழ் பொது நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். 97,000 நூல்களும் சுவடிகளும் போனதாகச் சொல்வார்கள். அவற்றில் பல உலகில் வேறெங்கும் பிரதி இல்லாதவை. இலங்கைத் தமிழர்கள் 2005-இல் நூலகம் என்ற இணைய நூலகத்தைத் தொடங்கி ஊர் ஊராக ஆவணங்களை மின்படுத்தி வருவதற்குப் பின்னால் அந்த நெருப்பின் சூடும் இருக்கிறது. எங்கள் 140 கேசட்டுகளைக் கொண்டுபோய் அதன் பக்கத்தில் வைக்கவில்லை. ஆனால் அம்மாயியின் ஒப்பாரிக்கும் உலகில் ஒரே பிரதிதான் இருந்தது.

ஆகவே இரண்டாவது பெட்டி ஒன்று தயாராகிறது. அதே கடை, அதே பூட்டு, அதே 180 வெள்ளி. அது மாமாவின் புது மாடி வீட்டில் இருக்கும். இந்த முறை மடிக்கணினி தேவைப்படவில்லை. கேசட் சர்வரே ஒரு மாலை நேரம் மண்டோராக நின்று, தன் பக்கத்தில் இன்னொன்றை எழுப்பிவிட்டது. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சரிபார்ப்பு எண் எடுத்து வைத்திருக்கிறோம். மாதம் ஒரு முறை இரண்டு பெட்டிகளும் ஒப்பிட்டுப் பார்த்து, ஒரு பிட் மாறியிருந்தாலும் சொல்லும்.

பதிவு வேலைதான் மெதுவாகப் போகிறது. 210 மணி நேரத்தைச் சுருக்க வழியில்லை, ஓட விட்டுக் கேட்டுத்தான் ஆக வேண்டும். வானொலியிலிருந்து பிடித்த சினிமாப் பாட்டுகளை விட்டுவிடுகிறோம், அவை உரிமையாளர்களிடம் பத்திரமாக இருக்கும். பூஞ்சை பிடித்த மூன்றையும் தனியே உறையிட்டு வைத்திருக்கிறோம். அவற்றைத் துடைத்து எடுக்கத் தெரிந்தவர் கை வேண்டும். மற்றவற்றில் இதுவரை 63 முடிந்தது. மாமா சனிக்கிழமைதோறும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். யார் குரல், எந்த லயம், எந்த வருடம் என்று அவர் சொல்லச் சொல்ல அண்ணன் மகன் கோப்பின் பெயராகத் தமிழிலேயே தட்டுகிறான். சென்ற வாரம் 1986 தீமிதிப் பதிவில் பின்னணியில் ஒரு குழந்தை விடாமல் அழுதது. இரைச்சலை நீக்கிவிடலாமா என்று கேட்டேன்.

“வேணாம்மா, அது உங்க அண்ணன்” என்றார் மாமா.